அத்தனை பெறுமா

“ஏஞ்சாமி, நீதான் பேங்குல இருந்தவனாச்சே, சொல்லு. அந்தக் காரு அத்தன பெறுமா?”

கேட்டது என் பள்ளித் தோழனின் அம்மா. திருப்பூருக்கு வடக்கே பெருமாநல்லூர் பக்கம், அவர்கள் வீட்டுத் திண்ணையில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் வழவழப்பான தாளில் அச்சடித்த ஒரு புத்தகம், கோவை ஷோரூமில் கொடுத்தது. அதிலிருந்த எழுத்து அவருக்குத் தெரியாது. படங்களைப் பார்த்தார். இருக்கைத் தோலின் படம் வந்த பக்கத்தில் விரலை வைத்துத் தடவினார். நாற்பது வருடத்துக்கு முன் பனியன் கம்பெனியில் கைமடித்தவர், பிசிறு வெட்டியவர். எதையும் தொட்டுப் பார்த்துத்தான் அவருக்குத் தெரியும்.

தோழன் பென்ஸ் கார் வாங்க நினைத்தான். பணம் இல்லாதவன் இல்லை. நாலு பவர் டேபிளைப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்துத் தொடங்கியவன், இன்று ஐரோப்பியக் கடைகளுக்குக் குழந்தைகள் சட்டை அனுப்புகிறான். இருந்தும் மூன்று மாதமாக முடிவெடுக்க முடியாமல் கிடந்தான். என்னைக் கூப்பிட்டதும் அதற்காகத்தான். முப்பத்தோரு வருடம் வங்கியில் இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் கடன் மேசையில்.

அம்மா கேட்ட சொல்லில் என் மனம் நின்றுவிட்டது. என்ன விலை என்று அவர் கேட்கவில்லை. விலை அவருக்கு ஏற்கெனவே தெரியும். பெறுமா என்று கேட்டார். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குச் சின்ன வயதில் அப்பாவோடு போனபோது நான் கேட்ட சொல் அது. மாட்டைச் சுற்றி வந்து, பல்லைப் பார்த்து, திமிலைத் தட்டி, நடக்கவிட்டுப் பார்த்து, “அத்தன பெறாதுங்” என்று ஒருவர் சொல்வார். பேரம் துண்டுக்கடியில் நடக்கும். தரகர் விரலைப் பிடித்துப் பிடித்துச் சொல்வது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. விலை துணிக்குள் இருக்கும், மாடு வெட்டவெளியில் நிற்கும். இந்தக் காரில் எல்லாம் தலைகீழாக இருந்தது. விலை ஊருக்கே தெரிகிறது. எண்பது லட்சத்துக் கார் என்று தெருவில் விளையாடும் பையன்கூடச் சொல்லிவிடுகிறான். அது பெறுகிறதா என்பதுதான் துண்டுக்கடியில் கிடக்கிறது.

என் தொழில் கற்றுக்கொடுத்த வழியில் முதலில் ஒரு தாளை எடுத்தேன்.

ஷோரூம் விலை 80 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். அதற்கு முன் 28 சதவீதமும், அதற்கு மேல் செஸ் 20, 22 என்றும் இருந்தது. ஆக, அந்த 80 லட்சத்துக்குள் ஏறத்தாழ 22 லட்சத்து 85 ஆயிரம் வரியாக உட்கார்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 சதவீதம். அது 16 லட்சம். இரண்டையும் கூட்டினால் வண்டி ஒரு அடி உருளும் முன்பே 39 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக அரசுகளுக்குப் போய்விடுகிறது. தயாரித்தவனுக்கும் விற்றவனுக்கும் சேர்த்துப் போவது 57 லட்சம் சொச்சம். இன்சூரன்ஸ், பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து ‘ஆன் ரோடு’ ஒரு கோடியைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

ஷோரூம் விலை முழுவதையும் 9 சதவீதத்தில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 1,66,000 ரூபாய்க்குச் சற்று மேல். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 19 லட்சத்து 64 ஆயிரம். இன்சூரன்ஸ்காரர்கள் தேய்மானத்துக்கு ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்கள்: ஆறு மாதத்துக்குள் 5 சதவீதம், ஒரு வருடத்துக்குள் 15, இரண்டுக்குள் 20, மூன்றுக்குள் 30, நாலுக்குள் 40, ஐந்துக்குள் 50. அந்தக் கணக்கில் ஐந்தாம் வருடம் வண்டியின் மதிப்பு 40 லட்சம். கட்டிய வாழ்நாள் வரியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. வரி 16, வட்டி 19.64, தேய்மானம் 40. மொத்தம் 75 லட்சத்து 64 ஆயிரம். ஐந்து வருட நாட்களால் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 4,140 ரூபாய் வருகிறது. பெட்ரோல் கிடையாது, டிரைவர் சம்பளம் கிடையாது, சர்வீஸ் கிடையாது. வண்டி ஷெட்டில் தூங்கினாலும் இந்தப் பணம் போகும். அவனுடைய கம்பெனியில் ஐந்து டெய்லர்கள் ஒரு நாள் முழுக்கத் தைத்து வாங்கும் கூலி அது.

“கம்பெனி பேர்ல வாங்கிக்கிறேன். டேக்ஸ்ல கழிச்சுக்கலாம்ல?” என்றான்.

இந்தக் கேள்வியை என் மேசையில் நூறு பேராவது கேட்டிருப்பார்கள். கழிக்கலாம். வட்டியைச் செலவாகக் காட்டலாம். வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம் எழுதலாம். ஆனால் காருக்குக் கட்டும் ஜி.எஸ்.டி.யைத் துணி, நூல், சாயத்துக்குக் கட்டும் வரியைப் போலத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சட்டம் விடாது. மிச்சமாவது, செலவழிக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் நாலணாவோ அதற்குச் சற்றுக் கூடவோ. அந்த நாலணாவுக்காக முழு ரூபாயை எடுத்து நீட்டியவர்கள் தவணை கட்ட முடியாமல் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒருவருடைய முகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. வண்டியைச் சீஸ் செய்யப் போனபோது, பகலில் வேண்டாம், இருட்டியதும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

கணக்கு அவ்வளவுதான். தோழன் தாளைப் பார்த்துவிட்டு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். எண்கள் அவனுக்குப் புதிதில்லை. ஒரு பீஸுக்குப் பத்துப் பைசா குறைத்து ஆர்டர் பிடிக்கிறவன். “இதெல்லாம் நானே போட்டுட்டேன் மாப்ள. இதுக்கு மேல ஒண்ணு இருக்குது. அதுக்குத்தான் உன்னக் கூப்பிட்டேன். நாளைக்கு ஓட்டிப் பாக்கப் போறோம், வா” என்றான்.

மறுநாள் அவனுடைய பழைய இன்னோவாவில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போனோம். அவினாசி சாலையில் போகும்போதெல்லாம் ஜி.டி. நாயுடு நினைவுக்கு வருவார். பழைய கார்களுக்கான அருங்காட்சியகம் அவர் பெயரில் அந்தச் சாலையில்தான் இருக்கிறது. 1920இல் ஒரே ஒரு பஸ்ஸை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தானே ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். அந்த வண்டி பெறுமா என்று யாராவது அவரிடம் கேட்டிருந்தால், எத்தனை பேர் ஏறினார்கள் என்று பதில் சொல்லியிருக்க முடியும். எங்கள் பக்கத்தில் வெகுகாலம் வண்டிக்கு இருந்த கணக்கு அதுதான். எத்தனை மூட்டை, எத்தனை ஆள்.

ஷோரூமில் அம்மாவைச் சோபாவில் உட்காரவைத்து ஜூஸ் கொடுத்தார்கள். நாங்கள் இருவரும் வண்டியை எடுத்தோம். விற்பனைப் பையன் பின்னால் உட்கார்ந்துகொண்டான்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த வண்டி எனக்குப் பிடித்தது. கதவு சாத்தும்போது சத்தம் வரவில்லை, நல்ல தேக்குப் பெட்டியை மூடியதுபோல ஓர் அமுங்கல். கண்ணாடியை ஏற்றியதும் அவினாசி சாலை இல்லாமல் போனது. பஸ் ஹாரன், லாரி பிரேக், மேம்பாலத்துக்குக் கீழே எந்நேரமும் கேட்கும் இரைச்சல், எல்லாம் யாரோ போர்வை போர்த்தியதுபோல அடங்கிவிட்டன. இரண்டு வருடமாக இடுப்பு வலியோடு இருக்கும் எனக்கு அந்த இருக்கை முதுகை ஏந்திப் பிடித்தது தெரிந்தது. 1958இல் டேவிட் ஓகில்வி ரோல்ஸ் ராய்ஸுக்கு ஒரு விளம்பரம் எழுதினார். விளம்பரக் கலையில் இன்றும் பேசப்படுவது. வண்டியின் வேகத்தைப் பற்றியோ பலத்தைப் பற்றியோ அதன் தலைப்பு பேசவில்லை. அறுபது மைல் வேகத்தில் போகும்போது உள்ளே பெரிதாகக் கேட்பது கடிகாரச் சத்தம்தான் என்றது. பணம் உள்ளவன் பணம் கொடுத்து முதலில் வாங்க நினைப்பது அமைதியை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. இன்று எல்லோருடைய வண்டியிலும் இருக்கிற பாதுகாப்பில் ஒரு பங்கு, முதலில் விலை கூடிய வண்டிகளில்தான் வந்தது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏ.பி.எஸ். 1978இல் பென்ஸின் பெரிய காரில் வந்தது. இந்தியாவில் விற்கும் எல்லாக் கார்களிலும் அது இருக்கவேண்டும் என்று ஆனது 2019 ஏப்ரலில். இடையில் நாற்பது வருடம். முதலில் வாங்கியவர்கள் கொடுத்த பணத்தில்தான் அந்தக் கருவி சிறிதாகி, மலிவாகி நம்மிடம் வந்து சேர்ந்தது. வேறு வழியிலும் நடந்திருக்கிறது. தோளிலும் இடுப்பிலும் சேர்த்துக் கட்டும் சீட் பெல்ட்டை 1959இல் வடிவமைத்தவர் வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். வால்வோ அந்தக் காப்புரிமையைத் தனக்கென்று பூட்டி வைக்காமல் மற்ற தயாரிப்பாளர்களும் பயன்படுத்த விட்டது. அந்தப் பெல்ட் காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் அந்த நாற்பது வருட இடைவெளி இப்போது சுருங்கிவிட்டது. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இந்தியாவில் தயாரான காருக்கு குளோபல் என்காப் அமைப்பு ஐந்து நட்சத்திரம் கொடுத்தது அதுவே முதல் முறை. பத்து லட்சத்தை ஒட்டிய வண்டி அது. குடும்பத்தின் உயிருக்காக எண்பது லட்சம் என்று இன்று ஒருவர் சொன்னால், அதில் பெரும்பகுதி வேறு எதற்காகவோ என்றுதான் சொல்வேன். எவ்வளவு விலை கொடுத்த வண்டியிலும் பெல்ட்டை ஆள்தான் மாட்டவேண்டும். 2022 செப்டம்பரில் மும்பைக்கு வடக்கே பால்கர் அருகே டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பென்ஸ் காரில்தான். பின்னிருக்கையில் இருந்த இருவர் உயிரிழந்தார்கள், இருவரும் பெல்ட் போட்டிருக்கவில்லை என்று செய்தி வந்தது. விற்பனைப் பையனிடம் பெல்ட் போடு தம்பி என்றேன். சிரித்துக்கொண்டே போட்டான்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் கார் வைத்திருப்பவர்களிடம் செய்த ஆய்வு ஒன்று உண்டு. டேனியல் கானமனும் தன் புத்தகத்தில் அதைப் பேசுகிறார். உங்கள் கார் உங்களுக்கு எவ்வளவு இன்பம் தருகிறது என்று கேட்டால், விலை கூடக் கூட இன்பமும் கூடியது. கடைசியாகக் காரில் எங்கே போனீர்கள், அப்போது மனம் எப்படி இருந்தது என்று கேட்டால், விலைக்கும் மனநிலைக்கும் தொடர்பே இல்லாமல் போனது. காரைப் பற்றி நினைக்கும்போதுதான் கார் இன்பம் தருகிறது. ஓட்டும்போது மனிதன் காரை நினைப்பதில்லை. பையனுடைய மார்க்கை நினைக்கிறான், வராத பில்லை நினைக்கிறான், சாயப்பட்டறையில் லேட்டாகும் துணியை நினைக்கிறான். இந்த ஆய்வைத் தோழனிடம் சொன்னேன். “அப்ப நான் காரப் பத்தி எப்பெல்லாம் நெனப்பேன்?” என்று கேட்டான். நல்ல கேள்வி. கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டிவிட்டு அவனே சொன்னான்: “எறங்கறப்ப. எவனாச்சும் பாக்கறப்ப.”

நான் அதற்கு ஒரு யோசனை வைத்திருந்தேன். மூன்று வருடம் ஓடிய இதே வண்டியை வாங்கு. வாழ்நாள் வரியை இன்னொருவர் கட்டியிருப்பார். முதல் மூன்று வருட வீழ்ச்சியையும் அவரே தாங்கியிருப்பார். இதே இருக்கை, இதே அமைதி, விலை பாதிக்கு மேல் கொஞ்சம். கடன் மேசையில் இருந்தவன் சொல்லக்கூடிய மிகச் சரியான பதில் அது. இன்றும் அதையே சொல்வேன்.

“செகண்டுல வேண்டாம் மாப்ள. மதிப்பில்ல.”

நம்பர் பிளேட்டே காட்டிக்கொடுத்துவிடும் என்றான். டி.என். 39க்கு அடுத்து வரும் எழுத்துகளைப் பார்த்தே வண்டி எந்த வருடத்தது என்று திருப்பூரில் சொல்லிவிடுவார்கள். வெளியூர் நம்பர் என்றால் செகண்டு என்று உடனே தெரியும்.

மதிப்பு. வங்கியில் அந்தச் சொல்லைத் தினமும் எழுதினேன். நிலத்தின் மதிப்பு, நகையின் மதிப்பு, ஸ்டாக்கின் மதிப்பு. மதிப்பீட்டாளர் என்று ஒருவரைப் பணம் கொடுத்து வைத்திருந்தோம். அதே சொல்லைத்தான் ஊரில் அவனுக்கு மதிப்பு உண்டு, இவனுக்கு மதிப்பில்லை என்று மனிதருக்கும் சொல்கிறோம். தமிழில் பொருளின் விலைமானத்துக்கும் மனிதனுக்குத் தரும் மரியாதைக்கும் ஒரே சொல். இதற்கு முன் நான் இதை நின்று யோசித்ததில்லை. அவன் மூன்று மாதமாகப் போட்ட கணக்கு ஒரு மதிப்பைப் பற்றியது, அவனைத் தூங்கவிடாமல் செய்தது இன்னொரு மதிப்பு. இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்ததால் ஒன்றின் கேள்விக்கு இன்னொன்றில் பதில் தேடிக்கொண்டிருந்தான்.

இந்த இரண்டாவது மதிப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு நானோவைவிடப் பெரிய சாட்சி இல்லை. 2008 ஜனவரியில் டெல்லியில் ரத்தன் டாடா அந்தக் காரைக் காட்டியபோது நாடே வியந்தது. ஒரு லட்ச ரூபாயில் கார். ஸ்கூட்டரில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று நெருங்கி உட்கார்ந்து போகும் குடும்பத்தைப் பார்த்து வந்த எண்ணம் என்றார் அவர். நல்ல மனதிலிருந்து வந்தது என்று நான் இன்றும் நம்புகிறேன். எங்கள் கிளையில் நானோவுக்குக் கடன் கேட்டு வந்தவர்கள் மிகக் குறைவு. வந்தவர்களிலும் சிலர் கடைசியில் இன்னும் ஒரு லட்சம் கூடக் கடன் வாங்கி ஆல்டோ எடுத்தார்கள், சிலர் பழைய சான்ட்ரோ வாங்கினார்கள். ஏன் என்று ஒருவரிடம் கேட்டேன். பள்ளிக்கூட வாத்தியார். “நாட்டுலயே கொறஞ்ச வெலைக் காருங்கன்னு பேப்பர்லயே போட்டுட்டாங்க சார். அதுல போயி மாமனார் வீட்டுல எறங்க முடியுங்களா?” என்றார். மலிவான கார் என்று அறிவித்து விற்றது தவறு என்று பின்னாளில் ரத்தன் டாடாவே வருந்தினார். 2018இல் நானோ நின்றுபோனது. அந்த வாத்தியார் கூடுதலாகக் கட்டிய ஒரு லட்சமும் என் தோழன் கூடுதலாகக் கட்ட நினைக்கும் ஐம்பது லட்சமும் எனக்கு ஒரே பணமாகத்தான் தெரிகின்றன. இருவரும் கட்டுவது இறங்கும் நேரத்துக்கு.

அந்த நேரத்தை நாமாக உண்டாக்கவில்லை. ஹென்றி ஃபோர்டு 1908இலிருந்து 1927 வரை ஒரே மாடல் டி காரைத் திரும்பத் திரும்பச் செய்து விலையைக் குறைத்துக்கொண்டே போனார். ஜெனரல் மோட்டார்ஸில் ஆல்ஃபிரட் ஸ்லோன் வேறு வழி கண்டுபிடித்தார். ஷெவர்லேயில் தொடங்கிப் படிப்படியாகக் காடிலாக் வரை ஓர் ஏணி. இந்த வருடம் ஒரு படி, சம்பளம் கூடினால் அடுத்த படி. போதாதென்று வருடாவருடம் முகத்தை மாற்றி, போன வருட வண்டி பழசு என்று வைத்திருப்பவருக்கே தோன்றச் செய்தார்கள். இன்றைக்கு ‘ஃபேஸ்லிஃப்ட்’ என்கிறார்களே, அதன் வேர் அங்கே இருக்கிறது. எண்பது லட்சம் கொடுத்தாலும் ஏணியின் உச்சிக்குப் போய்விட முடியாது. மூன்று வருடத்தில் புது விளக்கு, புது கிரில் வரும். கேட்டில் நிற்பவர்கள் அதையும் பார்த்துவிடுவார்கள்.

இதையெல்லாம் அவனிடம் சொல்லிக்கொண்டே வந்தேன். நீலாம்பூர் தாண்டி வண்டியைத் திருப்பினான். சாலை கொஞ்சம் காலியாக இருந்தது. அந்த அமைதியில் என் குரல் எனக்கே கூடுதலாகக் கேட்டது. நான் நிறுத்தியதும் அவன் சொன்னான். குரலில் கோபம் இல்லை. ஏதோ நூல் விலையைச் சொல்வதுபோலச் சொன்னான்.

“தொண்ணூத்தேழுல உன் பேங்குக்கு வந்தேன். டி.வி.எஸ். 50ல. நாலு மெஷினுக்கு லோன் கேட்டு. நீ பாத்த, தலையாட்டுன, உக்காரச் சொன்ன. அப்பறம் காண்டஸாவுல ஒருத்தரு வந்தாரு. நீ எந்திரிச்சு நின்ன. அவருக்குக் காபி வந்துச்சு. அவரு போறதுக்கு ஒரு மணி நேரமாச்சு மாப்ள. நான் பெஞ்சுலயே உக்காந்திருந்தேன்.”

எனக்கு அந்த நாள் நினைவில்லை. ஆனால் அவன் சொன்னது உண்மை என்று அந்தக் கணமே தெரிந்தது. என் மேசை சன்னலைப் பார்த்து இருந்தது. வாசலில் வண்டி வந்து நிற்பது தெரியும். ஆள் உள்ளே வரும் முன்பே வண்டி எனக்குள் வந்துவிடும். எந்த விதியும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. கடன் விண்ணப்பத்தில் என்ன வாகனத்தில் வந்தார் என்று ஒரு கட்டம் கிடையாது. இருந்தும் என் கால்கள் எழுந்தன. காண்டஸாவுக்கு எழுந்தன, டி.வி.எஸ். 50க்கு எழவில்லை. எத்தனை வருடம், எத்தனை பேர். என்கூடப் படித்தவனை, ஒரே தூக்குப்போசியில் சோறு பங்கிட்டுத் தின்றவனை, ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்திருக்கிறேன். அது என் கண்ணில் படவே இல்லை.

நான் ஒருவன்தான் அப்படி என்றும் சொல்ல மாட்டேன். கல்யாண மண்டப வாசலில், ஆஸ்பத்திரி வரவேற்பில், பிள்ளையைச் சேர்க்கப் போகும் பள்ளிக்கூடத்து கேட்டில், எல்லா இடத்திலும் ஒரு சன்னல் இருக்கிறது, அதன் பின்னால் யாரோ ஒருவர் வண்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆடம்பரம், பகட்டு, ஜம்பம் என்று இந்தக் கார்களைப் பற்றி எழுதுபவர்கள் வாங்குகிறவனுடைய மனதை மட்டும் பிரித்துப் பார்க்கிறார்கள். நானும் அப்படி எழுதத்தான் உட்கார்ந்தேன். எண்பது லட்சத்தில் இயந்திரத்துக்கு எவ்வளவு, தோலுக்கு எவ்வளவு, வரிக்கு எவ்வளவு என்று என் தாளில் எழுத முடிந்தது. எழுந்து நிற்பதற்கு எவ்வளவு என்று எழுதவில்லை. அந்தத் தொகையை நிர்ணயித்தவர்களில் நான் ஒருவன். விலையை ஏற்றிவிட்டவனே இன்று பக்கத்தில் உட்கார்ந்து, இது பெறாது என்று புத்தி சொல்லிக்கொண்டு வருகிறேன்.

மன்னிப்புக் கேட்டேன். “அட விடு” என்றான். “அந்த ஒரு மணி நேரம் உக்காந்ததுனாலதான் நாலு மெஷினு நாப்பது மெஷினாச்சு.” அதை நான் ஏற்கவில்லை. அவமானத்தால் வளர்ந்தேன் என்று வளர்ந்தவர்கள் பெருந்தன்மையாகச் சொல்கிறார்கள். அதே பெஞ்சில் உட்கார்ந்து எழுந்து போனவர்களில் வளராதவர்கள் எத்தனை பேர் என்று யாருக்குத் தெரியும்? அவர்களுக்குச் சொல்ல இந்த வண்டியும் இல்லை, இந்த அமைதியும் இல்லை.

“சரி, இப்ப நீயே சொல்லு. பெறுமா, பெறாதா?”

எனக்குத் தோன்றியதை மறைக்காமல் சொன்னேன். ரோட்டுக்கும் முதுகுக்கும் பெறாது. இதில் கால் விலை வண்டியில் முக்கால் சுகம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்கு என்றால், பெறுமா என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் எழுந்து நிற்கப்போகிறவர்கள் இந்த வண்டிக்காகத்தான் நிற்பார்கள். தொண்ணூற்றேழில் பெஞ்சில் இருந்த ஆளை அவர்களுக்குத் தெரியாது. அவர்கள் எழுந்தாலும் அவன் உட்கார்ந்தேதான் இருப்பான். தோழன் பதில் சொல்லவில்லை. இண்டிகேட்டரைப் போட்டு ஷோரூமுக்குள் திருப்பினான்.

பென்ஸ் என்ற பெயரைப் பற்றி எனக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு, நடந்த கதை. 1886இல் கார்ல் பென்ஸ் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். வாங்க ஆள் இல்லை. அது எதற்கு உதவும் என்று யாருக்கும் தெரியவில்லை. 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்தா, கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அந்த வண்டியை ஓட்டிப் போனார். அது அவருடைய தாய்வீடு. வழியில் வீஸ்லோக்கில் ஒரு மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தினார். பிரேக் தேய்ந்தபோது செருப்புத் தைப்பவரைப் பிடித்துத் தோல் அடிக்கச் சொன்னார். மேட்டில் பிள்ளைகள் இறங்கித் தள்ளினார்கள். இருட்டிய பிறகு அம்மா வீட்டில் போய் இறங்கினார். அந்த வண்டி பெறும் என்று உலகம் நம்பத் தொடங்கியது ஒரு பெண் தாய்வீட்டுக்குப் போய் வந்த பிறகு.

எங்கள் அம்மா ஷோரூமில் சோபாவிலிருந்து எழுந்து வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். விற்பனைப் பையன் பின்கதவைத் திறந்து பிடித்தான். “உக்காந்து பாருங்கம்மா.” சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, இருக்கையில் அமிழ்ந்தார். தோலைத் தடவினார். படத்தில் தடவியதை இப்போது நிஜத்தில். “நல்லாத்தான் இருக்குது” என்றார். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு இறங்கப் பார்த்தார், முடியவில்லை. பத்து வருடமாக மூட்டுத் தேய்மானம். வண்டி தாழ்வு. ஒரு காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, திரும்பவும் உள்ளே சரிந்துவிட்டார்.

“எந்திரிக்க வரமாட்டீங்குது கண்ணு.”

அவன் ஒரு கையையும் நான் ஒரு கையையும் பிடித்தோம். “மொள்ள, மொள்ள” என்றான் அவன். எழுந்து நின்றதும் சேலைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டே அந்தப் பையனிடம் கேட்டார்.

“ஏந்தம்பி, இதுலயே கொஞ்சம் ஒசரமா இருக்குதுங்களா?”

பையன் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு புத்தகத்தை எடுத்தான்.